ஆறு வாரம், ஓர் இலக்கு: நாள் குறிப்பது முதல் கணக்கு முடிப்பது வரை

மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒரே தவறைச் செய்தேன். அதிகாலையில் எழுவது, ஓடுவது, புது மொழி ஒன்றைக் கற்பது, தினமும் இருபது பக்கம் படிப்பது என நான்கையும் ஒரே நாளில் தொடங்குவேன். மூன்றாவது வாரத்துக்குள் நான்கும் நின்றுவிடும். எனக்கு மனவுறுதி போதவில்லை என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டேன். நான்காவது ஆண்டில், விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டச்சு செய்யப் பழகுவது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதை ஒரு தாளில் எழுதி, நாள் குறித்து, முடித்தேன். ஆள் மாறவில்லை, வேலையை ஏற்பாடு செய்த விதம்தான் மாறியது.

அந்த ஏற்பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். முதன்முதலாக ஓர் இலக்கை எடுத்து முடித்துப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு இது. நான்கு முதல் எட்டு வாரத்தில் முடியக்கூடிய எந்தச் சொந்த வேலைக்கும் பொருந்தும்: ஒரு பாடத்தை முடிப்பது, நடைப்பயிற்சியைத் தொடங்குவது, பாதியில் கிடக்கும் ஒரு வேலையைக் கரையேற்றுவது. தேவைப்படுபவை ஒரு தாள், ஒரு மாதக் காலண்டர், ஒரு பேனா. தயாரிப்புக்கு ஒரு வாரமும் ஒரு மாலைப்பொழுதும் ஒதுக்குங்கள்.

1. முதல் வாரம் நேரத்தை மட்டும் குறியுங்கள்

உடனே தொடங்க வேண்டும் என்று கை பரபரக்கும். பொறுங்கள். ஏழு நாளைக்கு, காலை எழுந்தது முதல் படுக்கும் வரை எந்த நேரம் எதற்குப் போகிறது என்று குறித்து வையுங்கள். நிமிடக் கணக்கு வேண்டாம், அரை மணிக்கு ஒரு வரி போதும். மூன்று வேளையும் சாப்பிட்டு முடித்ததும் அதுவரை நடந்ததை எழுதிவிட்டால் மறக்காது.

எனக்குத் தினமும் இரண்டு மணி நேரம் சும்மா கிடைக்கிறது என்று நினைத்திருந்தேன். ஏழு நாள் கழித்துத் தாளைப் பார்த்தால், நான்கு நாள்களில் மட்டும், அதுவும் ஐம்பது நிமிடம்தான் இருந்தது. அதில் பெரும்பகுதி இரவு பத்து மணிக்கு மேல், உடம்பு சோர்ந்துபோன பிறகு. முந்தைய மூன்று ஆண்டுகளும் இல்லாத நேரத்தை நம்பித்தான் திட்டம் போட்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. இந்த ஒரு படியைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் பயனில்லை என்பது என் கருத்து.

குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எந்த நேரத்தில் உங்களை யாரும் கூப்பிடுவதில்லை? எந்த நேரத்தில் தலை தெளிவாக இருக்கிறது? இந்த இரண்டும் சேருகிற இருபது முப்பது நிமிடம் எங்கே இருக்கிறதோ அதை வட்டமிடுங்கள். அதுதான் உங்கள் மூலதனம்.

2. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

மனதில் இருக்கும் இலக்குகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் கொட்டிவிடுங்கள். பத்து வந்தாலும் சரி, இருபது வந்தாலும் சரி. பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இதை யாருக்காகச் செய்கிறேன்? ஆறு வாரத்துக்குள் முடிந்ததா இல்லையா என்று யார் பார்த்தாலும் சொல்லிவிட முடியுமா?

முதல் கேள்வியில் பாதி உதிர்ந்துவிடும். அண்ணன் செய்கிறார், அலுவலகத்தில் எல்லோரும் செய்கிறார்கள் என்று ஒட்டிக்கொண்ட ஆசைகள் இரண்டாவது வாரத்தைத் தாண்டுவதில்லை. இரண்டாவது கேள்வியில் ‘ஆரோக்கியமாக இருப்பது’, ‘நம்பிக்கையோடு பேசுவது’ போன்றவை உதிரும். அவை நல்ல விருப்பங்கள்தான். ஆனால் முடியும் இடம் இல்லாத ஒன்றுக்குக் கெடு வைக்க முடியாது.

மிச்சம் இருப்பவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டை எடுத்தால் என்ன என்று தோன்றும். வட்டமிட்ட நேரம் முப்பது நிமிடம் என்றால் இரண்டுக்கும் பதினைந்து பதினைந்தாகப் பிரிக்க வேண்டும். ஒன்றில் பின்தங்கும் நாளில் மற்றதையும் கை விட்டுவிடும். மற்றவை எழுதிய தாளைக் கிழிக்காதீர்கள், அடுத்த முறைக்கு ஆகும்.

3. இலக்கைச் செயலாக எழுதுங்கள்

‘ஐந்து கிலோ எடை குறைப்பேன்’ என்று எழுதினால் அதில் உங்கள் கையில் இல்லாதது நிறைய. இந்த வாரம் எடை இறங்கவில்லை என்றால் நீங்கள் வேலை செய்யவில்லை என்று பொருளல்ல. ஆனால் மனம் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். ‘வாரத்தில் ஐந்து நாள், காலை முப்பது நிமிடம் நடப்பேன்’ என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. விளைவை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அது கெடு நாளில் பார்க்க வேண்டியது. அன்றாடம் பார்க்க வேண்டியது செயல்.

அப்புறம், மொத்தத்தையும் நாளுக்குரிய அளவாக உடைத்துவிடுங்கள். ஆல்பர்ட் பாண்டுராவும் டேல் ஷங்க்கும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கழித்தல் கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு 42 பக்கப் பயிற்சியைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு ‘ஒவ்வோர் அமர்விலும் 6 பக்கம்’ என்று சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு ‘ஏழாவது அமர்வு முடிவதற்குள் 42 பக்கம்’ என்று சொன்னார்கள். கணக்கு ஒன்றுதான். ஆனால் ஆறு ஆறாகப் போன பிள்ளைகள் கழித்தலை நன்றாகக் கற்றார்கள், கணக்கின் மேல் ஆர்வமும் கூடியது. எனக்கும் அதே அனுபவம்தான். ‘நிமிடத்துக்கு 30 சொல்’ என்பது என்னை மிரட்டியது. ‘இன்றைக்கு நடு வரிசை எழுத்துகள், அரை மணி’ என்பது மிரட்டவில்லை.

4. கெடுவை வையுங்கள், மணி நேரக் கணக்கை ஒன்றரை மடங்காக்குங்கள்

நான்கு வாரத்துக்குக் குறைந்தால் எதுவும் படியாது. எட்டைத் தாண்டினால் கெடு கண்ணுக்கு எட்டாத தூரத்தில் போய்விடும், ‘இன்னும் நாள் இருக்கிறதே’ என்ற எண்ணம் வந்துவிடும். முதல் முறை எடுப்பவர்களுக்கு ஆறு வாரம் சரியான அளவு.

மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும் என்று மனதில் தோன்றுவதை எழுதுங்கள். அதை ஒன்றரையால் பெருக்குங்கள். எழுதிய எண்ணே போதும் என்று தோன்றும். போதாது. 1994-இல் ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் கல்லூரி மாணவர்களிடம், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் 33.9 நாள். எல்லாமே கெட்டபடி நடந்தால் எத்தனை நாள் என்றதற்கு 48.6 நாள் என்றார்கள். உண்மையில் பிடித்தது 55.5 நாள். தாங்கள் நினைத்துப் பார்த்த மிக மோசமான நிலையையும் தாண்டித்தான் முடித்தார்கள். நாமும் அப்படித்தான்.

என் கணக்கு இப்படி இருந்தது. முதலில் தோன்றியது 10 மணி நேரம். ஒன்றரை மடங்கு 15. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்றால் ஆறு வாரத்தில் 15 மணி வந்துவிடும். அதற்கு மேல் ஏழாவது வாரத்தையும் வெறுமனே ஒதுக்கி வைத்தேன்.

இப்போது காலண்டரை எடுத்து, இந்த ஏழு வாரத்தில் ஏற்கெனவே முடிவான பயணம், திருமணம், தேர்வு, அலுவலக நெருக்கடி எல்லாவற்றையும் அந்தந்த நாளில் எழுதுங்கள். ஐந்து நாளுக்கு மேல் அடிபட்டால் தொடக்க நாளைத் தள்ளுங்கள், அல்லது அன்றாட அளவைக் குறையுங்கள். தொடங்கிய பிறகு கண்டுபிடித்தால் அது தோல்வி போலத் தெரியும். இப்போது கண்டுபிடித்தால் வெறும் திட்டமிடல்தான்.

ஓர் எச்சரிக்கை: மாதத்தின் முதல் நாள், பிறந்தநாள், புத்தாண்டு போன்ற நாள்களில் தொடங்கினால் ஓர் உந்துதல் கிடைப்பது உண்மைதான். ஆனால் அப்படி ஒரு நாளுக்காக மூன்று வாரம் காத்திருக்காதீர்கள். வருகிற திங்கள்கிழமையும் புது வாரத்தின் தொடக்கம்தான்.

5. ஒரு பக்க ஆவணத்தை எழுதுங்கள்

மொத்த வேலைக்கும் நீங்கள் தயாரிக்க வேண்டிய ஆவணம் இது ஒன்றுதான். ஒரு மாலை உட்கார்ந்து, கையால் எழுதுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அதில் இருக்க வேண்டியவை:

– என்ன செய்யப்போகிறேன், வாரத்தில் எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு
– எந்த நேரம், எந்த இடம், எந்த வேலையை முடித்தவுடன்
– தொடங்கும் நாள், கெடு நாள், ஒதுக்கிய வாரம்
– மொத்தம் எத்தனை மணி நேரம் (மனதில் தோன்றியதும், ஒன்றரை மடங்கும்)
– மிகக் குறைந்த அளவு: முடியாத நாளிலும் எவ்வளவு செய்வேன்
– இதற்காக எதை விட்டுக்கொடுக்கிறேன்
– தடை வந்தால் என்ன செய்வேன் (மூன்று வரி)

இரண்டாவது வரியில் ‘காலையில்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘பல் துலக்கியவுடன், ஜன்னல் பக்கத்து மேசையில்’ என்று எழுதுங்கள். ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்கிற ஒன்றோடு முடிச்சுப் போட்டால் நினைவுபடுத்த ஆள் தேவையில்லை.

கடைசி மூன்று வரிகளை ‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற வடிவில் எழுதுங்கள். நான் எழுதியவை: இரவு தாமதமாகப் படுத்தால், காலையில் பத்து நிமிடம் மட்டும் செய்வேன். வீட்டுக்கு விருந்தினர் வந்தால், மதியம் சாப்பிட்டவுடன் செய்வேன். வெளியூர் போனால், அந்த நாளை ஒதுக்கிய வாரத்துக்கு மாற்றுவேன். மூன்றுமே நடந்தன. முடிவை முன்பே எடுத்துவிட்டதால் அந்த நேரத்தில் மனதோடு வாதாட வேண்டியிருக்கவில்லை.

இந்த வரிகளை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2002-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்களிடம், அடுத்த வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்யும்படி சொன்னார்கள். எதுவும் கூடுதலாகச் செய்யாத குழுவில் 38 விழுக்காட்டினர் செய்தார்கள். உடற்பயிற்சியின் நன்மையைப் பற்றி ஊக்கமூட்டும் குறிப்பைப் படித்த குழுவில் 35 விழுக்காடு. அதே குறிப்பைப் படித்து, எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்றும் எழுதிய குழுவில் 91 விழுக்காடு. ஊக்கமூட்டும் காணொளிகளை மணிக்கணக்கில் பார்த்த காலத்தில் இது எனக்குத் தெரிந்திருந்தால் நல்லது என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

எழுதிய தாளை வேலை செய்யும் இடத்தில், கண்ணில் படும்படி ஒட்டுங்கள். கைப்பேசியில் எழுதினால் மற்ற நூறு விஷயங்களுக்கு அடியில் போய்விடும்.

6. செலவு

பணச் செலவைப் பத்து நாள் தள்ளிப்போடுங்கள். இது கண்டிப்பு. ஓடுவதற்குப் புதுக் காலணி, படிப்பதற்குப் புது மேசைவிளக்கு, பழகுவதற்குப் பணம் கட்டும் செயலி என்று வாங்கினால், வாங்கிய அன்றே பாதி முடித்துவிட்ட நிறைவு வந்துவிடும். அது ஆபத்தான நிறைவு. இருப்பதை வைத்துப் பத்து நாள் செய்துவிட்டு, பிறகும் அந்தப் பொருள் இல்லாமல் வேலை தடைப்படுகிறது என்றால் வாங்குங்கள். காலில் வலி வருவது போன்ற பாதுகாப்பு விஷயம் மட்டும் விதிவிலக்கு.

சந்தா கட்ட வேண்டியிருந்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஆண்டுச் சந்தா மலிவாகத் தெரியும். ஆனால் உங்கள் கெடு ஆறு வாரம்தான். கட்டியவுடன், தானாகப் புதுப்பிக்கப்படும் நாளுக்கு மூன்று நாள் முன்பு காலண்டரில் ஒரு குறி போட்டுவிடுங்கள்.

பெரிய செலவு பணம் அல்ல. அரை மணி நேரம் எங்கிருந்தோ வர வேண்டும். தூக்கத்திலிருந்து எடுத்தால் இரண்டாவது வாரம் உடம்பு கணக்குத் தீர்த்துக்கொள்ளும். வீட்டு வேலையிலிருந்து எடுத்தால் அது இன்னொருவர் தலையில் விழும், அவரிடம் முதலிலேயே பேசிச் சம்மதம் வாங்க வேண்டும். நான் காலையில் கைப்பேசியில் செய்தி பார்க்கும் நேரத்தை எடுத்துக்கொண்டேன். எதை விடுகிறேன் என்று எழுதாத திட்டம் எனக்கு ஒருமுறைகூட நிலைத்ததில்லை.

7. முதல் பத்து நாள்

உற்சாகம் பொங்கும் நாள்கள் இவை. அதனால்தான் கவனம் வேண்டும். அரை மணி என்று எழுதியிருந்தால் அரை மணியோடு எழுந்துவிடுங்கள். முதல் நாள் இரண்டு மணி நேரம் செய்தால், நான்காவது நாள் அரை மணி அற்பமாகத் தோன்றும், செய்யாமலே விட்டுவிடுவீர்கள்.

முந்தைய இரவே எல்லாம் எடுத்து வையுங்கள். காலையில் தேடும் ஐந்து நிமிடத்தில் மனம் மாறிவிடும். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம் போதும்.

முடித்தவுடன், இருந்த இடத்திலேயே காலண்டரில் குறி போடுங்கள். முழு அளவுக்கு ஒரு டிக், குறைந்த அளவுக்கு ஒரு புள்ளி, செய்யாத நாளுக்கு வெற்றுக் கட்டம். இரவில் மொத்தமாகக் குறித்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டு நாளில் நினைவு குழம்பும், பிறகு காலண்டரைப் பார்க்கவே மனம் வராது. முன்னேற்றத்தைக் கண்காணிப்பதைப் பற்றிய 138 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் அலசல் 2016-இல் வெளியானது. அடிக்கடி பார்ப்பவர்கள் இலக்கை எட்டும் வாய்ப்புக் கூடுகிறது, எழுதி வைத்தால் பலன் இன்னும் அதிகம் என்பதே அதன் முடிவு. ஒரு டிக் போடப் பிடிப்பது சில நொடிதான்.

8. நாள் தவறும்போது

தவறும். முதல் வெற்றுக் கட்டம் விழும் அன்றுதான் பெரும்பாலான இலக்குகள் சாகின்றன. ஒரு நாளால் அல்ல, அந்த ஒரு நாளுக்கு நாம் கொடுக்கும் விளக்கத்தால். ‘சரி, கெட்டுப்போச்சு, அடுத்த மாதம் புதிதாகத் தொடங்கலாம்’ என்ற வாக்கியத்தை எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

லண்டனில் ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமலே வரும் பழக்கமாகப் பதியப் பிடித்த காலம் ஏறத்தாழ 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு ஏதும் இல்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை நம்பி, 22-ஆம் நாளும் எழுந்திருக்கச் சிரமமாக இருக்கிறதே என்று மனம் தளராதீர்கள். ஆறாவது வாரத்திலும் சிரமமாக இருப்பது இயல்பு.

எனவே இரண்டு விதிகள். தொடர்ந்து இரண்டு நாள் விடக் கூடாது, விட்ட மறுநாள் குறைந்த அளவாவது செய்து ஒரு புள்ளி வைத்துவிட வேண்டும். அடுத்தது, விட்டதை மறுநாள் சேர்த்துச் செய்யக் கூடாது. அரை மணி ஒரு மணியாகும், அதுவும் முடியாமல் போனால் ஒன்றரையாகும். கந்து வட்டி போல ஏறிக்கொண்டே போகும். அதற்குத்தான் ஏழாவது வாரம் இருக்கிறது.

உடல்நலக் குறைவு, வீட்டில் துக்கம் போன்றவை வந்தால் இந்த விதிகளை மறந்துவிடுங்கள். தாளில் ‘நிறுத்தம்’ என்று எழுதி நாளைப் போடுங்கள். மீளும்போது கெடுவை அத்தனை நாள் தள்ளிக்கொள்ளுங்கள்.

9. வாரம் ஒரு முறை பதினைந்து நிமிடம்

ஒரே நாள், ஒரே நேரம். எத்தனை டிக், எத்தனை புள்ளி என்று எண்ணுங்கள். வெற்றுக் கட்டங்கள் எந்தக் கிழமையில் விழுகின்றன என்று பாருங்கள். எனக்கு இரண்டு வாரமும் வியாழக்கிழமை தவறியது. புதன் இரவு வேலை நீள்வதுதான் காரணம். வியாழனைச் சனிக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. மனவுறுதிக் குறைவு என்று தோன்றும் பல விஷயம் கிழமைக் கணக்கில் அகப்பட்டுவிடும்.

திட்டத்தை வாரக் கணக்கின்போது மட்டுமே மாற்றலாம், அதுவும் ஒரே ஒரு மாற்றம். மற்ற நாள்களில் எவ்வளவு நல்ல யோசனை வந்தாலும் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

மூன்றாவது வாரக் கணக்கில் மட்டும் இன்னொரு கேள்வி: இந்த இலக்கு இன்னும் வேண்டுமா? வேண்டாம் என்றால் காரணத்தை எழுதிவிட்டு நிறுத்தலாம். அலுத்துப்போனதற்காக நிறுத்துவதும், தேவை இல்லை என்று தெரிந்து நிறுத்துவதும் வேறு வேறு. சோர்ந்த இரவில் இந்த முடிவை எடுக்காதீர்கள்.

10. யாரிடம் சொல்வது

ஊர் முழுக்கச் சொல்ல வேண்டாம். தொடங்கும் முன்பே வாழ்த்து குவிந்தால் அந்த இனிமையிலேயே வேகம் குறைவதை என்னிடம் கண்டிருக்கிறேன். ஒருவரிடம் மட்டும், வாரக் கணக்கு முடிந்ததும் எண்ணிக்கையை அனுப்புங்கள்: ‘இந்த வாரம் நான்கு டிக், ஒரு புள்ளி.’ அவர் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை, பார்த்துவிட்டேன் என்றால் போதும். இதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். கணவரோ மனைவியோ இந்த வேலைக்குச் சரிப்படுவது அரிது, வீட்டுப் பேச்சில் அது குத்தலாக மாறிவிடும். என் சித்தி மகள்தான் எனக்கு அந்த ஆள்.

11. கெடு நாள்

வேலை முடிந்திருந்தாலும் முடியாவிட்டாலும் அன்று உட்கார வேண்டும். தாளின் பின்பக்கத்தில் நான்கு விஷயம் எழுதுங்கள்: செய்த நாள்கள் எத்தனை, உண்மையில் பிடித்த மணி நேரம், கிடைத்த விளைவு, எந்தத் தடை அதிகம் வந்தது. முடியாமல் நின்றிருந்தால், ஒதுக்கிய வாரத்தில் முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் அதைப் பயன்படுத்துங்கள். அதற்கு மேலும் தேவைப்பட்டால் இந்தத் தாளை மூடிவிட்டு, மிச்சத்துக்குப் புதுத் தாள் போடுங்கள். பழைய கெடுவை இழுத்துக்கொண்டே போகாதீர்கள்.

ஆறு வார முடிவில் நான் நிமிடத்துக்கு 28 சொல்லில் இருந்தேன். ஏழாவது வாரத்தில் மூன்று நாள் பழகியதும் 31 வந்தது. மொத்தம் பதினாறரை மணி நேரம். முதலில் தோன்றிய 10 மணி நேரத்தை நம்பியிருந்தால் நான்காவது வாரத்தில் கைவிட்டிருப்பேன்.

அடுத்த இலக்குக்கு முன் ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். பிறகு புதுத் தாளில் மணி நேரக் கணக்கு எழுதும் இடம் வரும்போது, பழைய தாளைத் திருப்பி, உண்மையில் பிடித்த எண்ணைப் பார்த்து எழுதுங்கள். என் கோப்பில் இப்போது ஐந்து தாள்கள் இருக்கின்றன. ஐந்தாவதில்தான் மதிப்பீட்டுக்கும் உண்மைக்கும் இடையே ஒரு மணி நேரம் மட்டும் வித்தியாசம் வந்தது.